கையொப்பத்துக்குப் பின்னால் நிற்கும் கடமை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லும் தொழிலாளர்களும், ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கி வரும் வாகன ஓட்டிகளும் ஒவ்வொரு வளைவிலும் முகம் அறியாத ஒருவரை நம்புகிறார்கள். சாலையின் சரிவைக் கணக்கிட்டவர், பள்ளத்தின் பக்கம் தாங்குசுவரை வடிவமைத்தவர், மழைநீர் வழிந்தோட வழி வகுத்தவர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை எழாமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பொறியாளரின் கடமை.

சாலைக்கு உரிய இந்த நம்பிக்கை வீட்டுக்கும் உரியது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடுதான். அதற்காக 15, 20 ஆண்டுகள் மாதத் தவணை செலுத்தத் துணிகிறோம். ஆனால், அந்த வீடு நிற்குமா என்பதற்கு உறுதி கூறும் ஆலோசனைப் பொறியாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? அவரிடம் எதைக் கேட்டுப் பெறுகிறோம்? வரைபடத்தில் இடப்படும் கையொப்பத்தை ஒரு சடங்காகக் கருதும் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நம் கருத்து. அந்தக் கையொப்பம் ஒரு கடமையின் அடையாளம். தவறினால் பொறுப்பேற்க வேண்டிய வாக்குறுதி.

மலை சொல்லும் பாடம்

போடிமெட்டிலிருந்து மூணாறு செல்லும் தேசிய நெடுஞ்சாலைப் பகுதி விரிவாக்கப்பட்டு 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இன்று அதில் பயணம் எளிது. ஆனால், பணி நடந்துகொண்டிருந்த 2019, 2020ஆம் ஆண்டுகளில் தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு பகுதியில் மீண்டும் மீண்டும் பாறைகள் சரிந்தன. போக்குவரத்து பல மாதங்கள் துண்டிக்கப்பட்டது. மலையை வெட்ட இயந்திரம் போதும். வெட்டிய பின் எஞ்சிய மலை நிற்குமா என்று முன்கூட்டியே கணிப்பதற்குத்தான் பொறியியல் தேவைப்படுகிறது.

மலைச்சரிவில் வீடு கட்டுவோருக்கும் இதுவே பொருந்தும். சரிவை வெட்டிச் சமதளமாக்கி, பின்புறம் ஒரு தாங்குசுவர் எழுப்புவது வழக்கம. அச்சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று. மழைக்காலத்தில் மண்ணுக்குள் தேங்கும் நீரும் சேர்ந்து தள்ளுகிறது. சுவரில் வடிகால் துளைகள் இல்லையெனில், அல்லது துளைகளுக்குப் பின்னால் சரளைக்கல் இடப்படாமல் மண் அடைத்துக்கொண்டால், கோடையில் உறுதியாக நின்ற சுவர் தென்மேற்குப் பருவமழையில் சாயக்கூடும். நகரத்தில் அமர்ந்தபடி சமதளத்துக்குரிய வரைபடத்தை எடுத்துக் கையொப்பமிடுபவர் இதைக் கண்டறிய இயலாது. இடத்தை நேரில் காண்பதும், மண்ணைப் பரிசோதிக்கச் செய்வதும், நீர் செல்லும் வழியைக் கேட்டறிவதும் அவருடைய கடமையின் முதற்படிகள்.

மூன்று நிகழ்வுகள்

போடிமெட்டு வழியே செல்லும் இதே நெடுஞ்சாலையின் மேற்கு முனை கொச்சி. அந்நகரின் பாலாரிவட்டத்தில் 2016 அக்டோபரில் ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், விரிசல்கள் காரணமாக 2019 மே மாதத்தில் அது மூடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களும் அதை ஆய்வு செய்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் மேற்பகுதியைப் பிரித்து மீண்டும் கட்டி, 2021 மார்ச் மாதத்தில் போக்குவரத்துக்கு விட்டது. இது தொடர்பான ஊழல் தடுப்பு வழக்கில் ஒப்பந்ததாரரும் அதிகாரிகளும் மட்டுமன்றி, வடிவமைப்பு ஆலோசகரும் கைது செய்யப்பட்டார்.

சென்னை மௌலிவாக்கத்தின் துயரம் இன்னும் கொடியது. 2014 ஜூன் 28 அன்று, கட்டி முடிக்கப்படும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மாலை மழையில் சரிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அருகிலேயே நின்ற இரண்டாவது கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வீடு வாங்க முன்பணம் செலுத்தியிருந்த குடும்பங்களின் கனவும் அதனோடு தகர்ந்தது.

2025 மே மாதத்தில் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் கட்டுமானத்திலிருந்த தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்தது. உடனடி நடவடிக்கையாக ஒப்பந்த நிறுவனத்தோடு ஆலோசனை நிறுவனமும் புதிய பணிகளுக்கான ஏலங்களில் பங்கேற்பதினின்றும் விலக்கிவைக்கப்பட்டது. 'கட்டியவர் அவர், நான் ஆலோசனை கூறியவன் மட்டுமே' என்று ஒதுங்கிக்கொள்ளும் காலம் மாறிவருவதை இது காட்டுகிறது.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது?

தொழில் வல்லுநர் ஒருவர் எப்போது அலட்சியம் செய்தவராகக் கருதப்படுவார் என்பதை, மருத்துவர் ஒருவரைப் பற்றிய ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமக்கு உண்டென்று கூறிக்கொண்ட திறமை இல்லாதிருத்தல் ஒன்று. இருந்த திறமையை அந்த நேர்வில் நியாயமான அளவில் பயன்படுத்தாதிருத்தல் மற்றொன்று. வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் போன்றோரையும் குறிப்பிட்டே நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கூறியது. வல்லுநர் தெய்வம்போல் பிழையற்றவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அத்தொழிலின் சராசரித் திறமையுடைய ஒருவர் செலுத்தும் கவனத்தையே கேட்கிறது.

அந்தக் கவனம் தவறினால் வழிகள் உண்டு. கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் குறைபாடு எனில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்தை அணுகலாம். அதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள். பதிவு செய்யப்பட்ட அடுக்குமாடித் திட்டமாயின், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுமான நிறுவனம் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் கூறுகிறது. ஆனால், சொந்த மனையில் தனிவீடு கட்டுவோருக்கு இந்த இரண்டாவது பாதுகாப்பு இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டுமே. பலரிடம் அதுவும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. கட்டடக் கலைஞர்களுக்கு 1972 முதல் தேசிய அளவில் தனிச் சட்டமும் மன்றமும் இருக்கின்றன. கட்டுமானப் பொறியாளர்களுக்கு நாடு முழுவதற்குமான அத்தகைய கட்டாயப் பதிவுச் சட்டம் இல்லை. கட்டட விதிகளின் கீழ் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் செய்யும் பதிவையே நம்பியிருக்கிறோம். எல்லையின் இருபுறமும் விதிகள் வேறுபடும் போடிமெட்டு போன்ற ஊர்களில் குழப்பம் இன்னும் மிகுதி. தவறிழைத்தவரின் உரிமத்தை நாடு முழுவதும் செல்லாததாக்கும் அதிகாரம் கொண்ட ஓர் அமைப்பும், ஆலோசனைப் பொறியாளர்களுக்குக் கட்டாயத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். காப்பீடு இல்லாத இடத்தில், வழக்கில் வென்றவருக்கும் தீர்ப்பின் நகல் மட்டுமே மிஞ்சக்கூடும்.

நம் பங்கு

பொறுப்பை இறுக்கினால் பொறியாளர்கள் அஞ்சித் தேவைக்கு மேல் கம்பியும் சிமெண்டும் சேர்ப்பார்கள், கட்டணம் உயரும், எளியவர் வீடு கட்ட இயலாது என்போர் உண்டு. இந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும், மொத்தச் செலவில் பொறியாளரின் கட்டணம் சிறு பங்கே. அதை மேலும் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, முகப்பு அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவிடுகிறோம். 'வங்கிக்கு ஒரு பிளான் மட்டும் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்பவரும் நாமே. அவர் வரைந்த தூணை மேஸ்திரியின் சொல் கேட்டு இடம் மாற்றுபவரும், இரண்டு மாடிக்குக் கணக்கிட்ட அடித்தளத்தின் மேல் மூன்றாவது மாடி எழுப்புபவரும் நாமே. அவருக்குத் தெரிவிக்காமல் நாம் செய்யும் மாற்றத்துக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவது அறமும் ஆகாது. சட்டத்தின் முன் எளிதில் நிற்கவும் செய்யாது.

வங்கியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்வோம். கடன் வழங்குமுன் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதால், 'வங்கியே பார்த்துவிட்டது, வீடு உறுதியானது' என்று பலர் எண்ணுகிறார்கள். மதிப்பீட்டாளர் காண்பது சொத்தின் மதிப்பையும் பணியின் முன்னேற்றத்தையும். அடித்தளத்தின் ஆழத்தையோ தூணுக்குள் உள்ள கம்பியையோ அவர் சோதிப்பதில்லை. அது வங்கி கொடுக்கும் பணத்தின் பாதுகாப்புக்கான ஆய்வு. வீட்டில் உறங்கப்போகும் குடும்பத்தின் பாதுகாப்புக்கான ஆய்வை வீட்டு உரிமையாளரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆகவே, வீடு கட்டத் தொடங்கும் ஒவ்வொருவரும் பொறியாளரின் பதிவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அவர் எந்தெந்தக் கட்டங்களில் நேரில் வருவார், அடித்தளக் குழி, கம்பி கட்டு, தளம் போடும் நாள் ஆகியவற்றில் எதற்கு எழுத்தில் ஒப்புதல் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும். மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடம், ஒவ்வொரு மாற்றத்துக்குமான கடிதம் ஆகியவற்றைப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கட்டணத்தைப் பணப்பரிமாற்றச் சான்று இருக்கும் வழியில் செலுத்த வேண்டும். நுகர்வோர் என்று நிறுவ அதுவே முதல் ஆவணம்.

கடன் பத்திரத்தில் நாம் இடும் கையொப்பம் 20 ஆண்டுகள் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு தவணை தவறினாலும் கேள்வி எழுகிறது. அந்தக் கடனால் எழும் வீட்டின் வரைபடத்தில் பொறியாளர் இடும் கையொப்பமும் அதே அளவு கனமுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அன்று. அந்தக் கனத்துக்கு உரிய கட்டணத்தைத் தர நாம் முன்வருவோம். அதற்கு உரிய கடமையை எழுத்தில் கேட்டுப் பெறுவோம்.