கைதியின் நாட்களுக்குக் கணக்கு வேண்டும்!

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கிரிவலம் வரும் பாதை. அந்தப் பாதையோரம் பூக்கட்டி விற்கும் ஒரு தாய் நம்மிடம் கேட்டாள்: "ஜெயில்ல ஒழுங்கா வேலை செஞ்சா தண்டனையில நாள் குறையுமாமே. எம் புள்ளைக்கு இதுவரைக்கும் எத்தனை நாள் குறைஞ்சிருக்கு? யாரைக் கேட்டா சொல்லுவாங்க?"

உள்ளே இருக்கும் மகனுக்கே அது தெரியவில்லையாம்!

ரெமிஷன் என்னும் தண்டனைக் கழிவு தர்மம் அல்ல. கைதி நன்னடத்தையாலும் உழைப்பாலும் சம்பாதிப்பது. 1894-ல் வெள்ளைக்காரன் இயற்றிய சிறைச் சட்டம் இதற்கு வழி வைத்தது. 1983-ம் வருடத்துத் தமிழ்நாடு சிறை விதிகள் விவரம் கூறுகின்றன. ஆனால் நாட்களைக் கூட்டுவதும் அதிகாரியின் பேனா. குற்றம் சாட்டி வெட்டுவதும் அதே பேனா!

மில் தொழிலாளி சம்பளச் சீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவானா? விவசாயத் தொழிலாளி, களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலை எண்ணாமல் இருப்பானா? கைதியின் உழைப்புக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லை?

ஆயுள் கைதியின் கதை இன்னும் மோசம். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுதும்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1961-ல் கோட்சே வழக்கில் கூறிவிட்டது. அவன் எத்தனை நாள் சேர்த்தாலும், சர்க்கார் உத்தரவிட்டால்தான் கதவு திறக்கும். கொலை போன்ற குற்றங்களில் 14 வருடம் கழியாமல் விடக்கூடாது என்று 1978-ல் சட்டம் வந்தது. கவர்னரின் அதிகாரத்துக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை.

அந்த அதிகாரம் எப்படி நடக்கிறது? பேரறிவாளனை விடுவிக்க மந்திரிசபை 2018 செப்டம்பரில் சிபாரிசு செய்தது. கவர்னர் மாளிகையில் அது கிடப்பில் கிடந்தது. 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்தான் விடுவித்தது.

மறுபுறம் பாருங்கள். 1997-ல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் வெளியே வந்தார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

"அப்படியானால் யாரையும் விடாதே என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை! தலைவர்களின் பிறந்த நாளும் ஜாதிச் செல்வாக்கும் சிறைச் சாவியாக இருக்கக்கூடாது என்கிறோம். திருந்திய மனிதனை வைத்திருப்பதும் அநீதி. பாதிக்கப்பட்டவர்களைக் கேளாமல் திறந்துவிடுவதும் அநீதி. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோரும் பார்க்கும் கணக்கு.

சுப்ரீம் கோர்ட்டே ஓரளவு வழி காட்டியிருக்கிறது. ஜாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று 2024 அக்டோபர் 3-ல் தீர்ப்பளித்தது. முன்விடுதலைக் கொள்கை உள்ள ராஜ்யங்கள், தகுதி வந்த கைதி மனுப்போடாவிட்டாலும் அவன் விஷயத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18-ல் கூறியது. வக்கீல் வைக்க வழியற்ற ஏழைக்கு இது பெரிய காரியம். ஆனால் தீர்ப்பு ஏட்டோடு நின்றால் யாருக்கு லாபம்?

ஆகவே நாம் கோருகிறோம்:

ஒன்று, மாதந்தோறும் ஒவ்வொரு கைதிக்கும் கழிவுக் கணக்கைத் தமிழில் எழுதிக் கையில் கொடு!

இரண்டு, கைதியின் பதிலைக் கேட்காமல் ஒரு நாளையும் வெட்டாதே!

மூன்று, படிப்புக்கும் தொழில் கற்பதற்கும் தாராளமாக நாள் கொடு!

நான்கு, விடுதலையானாலும் மறுப்பானாலும் காரணத்தை எழுது. கொடிய வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களையும் கேள்!

ஐந்து, மந்திரிசபையின் சிபாரிசுக்குக் கவர்னர் பதிலளிக்கக் கெடு வை!

சிறையில் கிடப்போரில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர்கள், நிலமற்றவர்கள். பூக்காரத் தாய் கேட்டது சலுகை அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைச் சங்கங்களின் கூட்டங்களில் நாமும் சேர்ந்து கேட்போம்!