கால் இரத்தக் குழாய் அடைப்பு: பலூன் சிகிச்சை காலைக் காப்பாற்றுமா?

"இனிப்பு நீர் இருந்துச்சு, கால்ல புண்ணு ஆறல, கடைசியில கால வெட்டிட்டாங்க." மலேசிய இந்தியக் குடும்பங்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 15.6% பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களில் இது நான்கில் ஒருவருக்கும் மேல்.

ஆனால் கால் கறுக்கத் தொடங்கினாலே வெட்டுவதுதான் ஒரே வழி என்ற நிலை இன்று இல்லை.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது?

முழங்காலுக்குக் கீழே மூன்று முக்கியத் தமனிகள் பாதத்துக்கு இரத்தம் கொண்டு போகின்றன. அவற்றின் அகலம் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை இவற்றின் சுவரில் படிவுகளை உண்டாக்குகின்றன. சிறுநீரகக் கோளாறு இருந்தால் சுண்ணாம்பும் படிந்து குழாய் இறுகிவிடும்.

ஜாலான் துன் சம்பந்தனில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றால், அது வயசுக் கோளாறு மட்டுமே என்று விட்டுவிடக்கூடாது. அடுத்த கட்டத்தில் இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அந்த வலிகூட தெரியாது. அவர்களுக்கு ஆறாத புண்தான் முதல் எச்சரிக்கை.

பலூன் சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

1964-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில், காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் சார்ல்ஸ் டாட்டர் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அடைப்பைத் திறந்தார். அந்தக் கால் தப்பியது. 1974-இல் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் பலூனைப் பயன்படுத்தினார். இதயத்துக்கு ஆஞ்சியோபிளாஸ்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்றும் முறை ஏறக்குறைய அதேதான். தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியாக மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோவார்கள். அதன்மேல் பலூனை நகர்த்தி, சில நிமிடங்கள் ஊதி, குழாயை விரிப்பார்கள். பெரிய வெட்டுக்காயம் இல்லை. முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது.

அப்படியென்றால் என்ன சிக்கல்?

திறந்த குழாய் மறுபடியும் அடைத்துக்கொள்வதுதான். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., முழங்காலுக்குக் கீழே வைப்பதற்கென மருந்து பூசிய, தானாகக் கரையும் ஸ்டென்ட் ஒன்றை அங்கீகரித்தது. 261 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு கால் துண்டிப்பு, மறு அடைப்பு, மறு சிகிச்சை எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 74%, பலூன் மட்டும் செய்த குழுவில் 44%.

பலூனா, பைபாஸா?

மருத்துவ உலகம் இதில் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2022-இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், காலில் நல்ல சிரை உள்ளவர்களுக்கு அதை வைத்துச் செய்யும் பைபாஸ் சிறந்த பலன் தந்தது. 2023-இல் வந்த பாசில்-2 ஆய்வு முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களைப் பார்த்தது. அதில் காலை இழந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் பைபாஸ் குழுவில் 63%, பலூன் குழுவில் 53%.

அடைப்பு எங்கே இருக்கிறது, சிரை எப்படி இருக்கிறது, நோயாளியின் இதயமும் சிறுநீரகமும் தாங்குமா என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். இரண்டு ஆய்விலும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். தாமதமாக வந்தால் எந்தச் சிகிச்சைக்கும் எல்லை உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

அப்பா, அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்தால் பாதத்தைத் தினமும் பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து. அரசாங்கக் கிளினிக்கில் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை கேளுங்கள். கணுக்கால், கை இரத்த அழுத்தத்தை ஒப்பிடும் எளிய சோதனையில் 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் குழாய் இறுகியிருந்தால் இந்த எண் பொய் சொல்லும். அப்போது கால்விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பாதம் கறுத்தாலோ, திடீரென ஜில்லிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். துண்டிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "இரத்தக் குழாய் நிபுணர் பார்த்துட்டாரா? அடைப்பைத் திறக்க வழி இருக்கா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கிருமித் தொற்று உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் மட்டும் தள்ளிப்போட முடியாது.

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட். ஸ்டென்ட் போன்ற சாதனங்களுக்குத் தனிச் செலவு வரலாம். வசதி இல்லாதவர்கள் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில், தாபுங் பந்துவான் பெருபாத்தான் நிதியுதவி பற்றிக் கேட்கலாம்.

இது வயதானவர்கள் பிரச்சினை மட்டும்தானா? அதே 2023 ஆய்வில், நீரிழிவு உள்ள 18 முதல் 29 வயதுக்காரர்களில் 84% பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளில், உங்கள் விரலிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.