திறமையா, நம்பகமா?



பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் பத்தாண்டுகளுக்குப் பின் எப்படியிருப்பான் என்று நம்மில் யார் துணிந்து கூறுவோம்? அவ்வாறு கணிப்பதையே தொழிலாகக் கொண்டோர் வட அமெரிக்காவில் உள்ளனர். அங்கு ஆடப்பெறும் ஹாக்கி, நாம் அறிந்த மைதான ஹாக்கி அன்று. பனித்தளத்தில் சறுக்கியவாறு ரப்பர் வட்டை அடித்து ஆடுவது. தேசிய ஹாக்கி லீக்கின் 32 அணிகள், ஆண்டுக்கொரு முறை 7 சுற்றுகளில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே பெரும்பாலும் முதல் வாய்ப்புகள். எனவே ஒரு தவறான தேர்வு நலிந்த அணியை மேலும் நலிவுறச் செய்துவிடும்.

1993-இல் ஒட்டாவா அணி, வேகமும் கோலடிக்கும் ஆற்றலும் மிக்க அலெக்சாந்தர் டெய்கை முதலாவதாக எடுத்தது. அடுத்து ஹார்ட்ஃபோர்ட் அணி, தடுப்பாட்டக்காரர் கிறிஸ் ப்ரோங்கரை எடுத்தது. டெய்க் 616 ஆட்டங்களில் 129 கோல்களோடு நின்றார். ப்ரோங்கரோ 2000-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார்.

அப்படியானால் திறமையை ஒதுக்கிவிட்டு நம்பகமானவனையே எடுக்கலாமா? அவசரப்படலாகாது. 1983-இல் டெட்ராய்ட் அணி நான்காவதாகத் தேர்ந்தெடுத்த ஸ்டீவ் ஐசர்மன், 1988-89 பருவத்தில் 65 கோல்கள் அடித்தார். ஆனால் கோப்பை கிட்டவில்லை. 1993-இல் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன், காப்பாட்டத்திலும் கருத்தூன்றுமாறு வற்புறுத்தினார். ஐசர்மன் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். அவர் தலைமையில் 1997, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. காப்பாற்றும் பணியில் சிறந்த முன்வரிசை வீரருக்கான செல்கி விருதும் 2000-இல் அவரை வந்தடைந்தது.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு என்ன? கையின் நுட்பத்தையும் கண்ணின் கூர்மையையும் பதினெட்டு வயதுக்குப் பின் புதிதாகப் புகட்டுதல் அரிது. பொறுப்பையோ கற்பிக்கலாம், கற்கும் மனம் இருந்தால்! அறியாமையால் பிழை செய்பவன் வேறு, அக்கறையின்மையால் பிழை செய்பவன் வேறு. முன்னவனைத் திருத்தலாம், பின்னவனைத் திருத்துவது கடினம்.

இவ்விருவரையும் ஒரு நாள் ஆட்டத்தில் பிரித்தறிய இயலாது. வட்டைப் பறிகொடுத்த மறுகணம் திரும்பி ஓடுகிறானா, கைகளை விரித்து நிற்கிறானா? தோல்வி உறுதியான இறுதி நிமிடங்களிலும் உழைக்கிறானா? கண்டித்த பயிற்சியாளரின் சொல் அடுத்த ஆட்டத்தில் அவனிடம் தெரிகிறதா? இவற்றைப் பல நாள் பொறுமையாகக் கவனிக்க வேண்டும்.

2003-இல் 44 பேர் எடுக்கப்பட்ட பின்னரே பாஸ்டன் அணி பத்ரீஸ் பெர்ஷரோனைத் தேர்ந்தெடுத்தது. அவர் 6 முறை செல்கி விருது பெற்றார். 427 கோல்களும் அடித்தார். நம்பகம் என்பது திறமை குறைந்தோர்க்கு அளிக்கும் ஆறுதல் பட்டம் அன்று என்பதற்கு அவரே சான்று.

பெற்றோரே! மதிப்பெண் பட்டியலைக் கையிலெடுக்கும்போது, தவறிய பாடத்தை உங்கள் பிள்ளை மறுநாள் தானாகவே திறந்து பார்க்கிறானா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.