குளிர் யாருக்கு, சூடு யாருக்கு?

ஏர்கான் குளிரை உற்பத்தி செய்வதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். அறையிலிருந்து மூன்று பங்கு வெப்பத்தை இழுக்க ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரம் வேண்டும். வெளியே போவது நான்கு பங்கு. இந்த அமைப்புகளை வடிவமைப்பதுதான் என் வேலை. உள்ளே இருப்பவருக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்பது எங்கள் வரைபடத்தில் தெளிவாக இருக்கும். வெளியே போகும் சூட்டுக்கு ஓர் அம்புக்குறி மட்டும். அது முடியும் இடத்தில் யார் நிற்கிறார் என்பது எங்கள் கணக்கில் வராது.

வெப்பத்தைச் சமாளிக்கத் தெரிந்த நகரம் என்று சிங்கப்பூரைப் பாராட்டுகிறார்கள். பொய்யில்லை. மரீனா பேயில் நிலத்தடிக் குழாய்களில் ஓடும் குளிர்நீர் பல கட்டடங்களை ஒன்றாகக் குளிர்விக்கிறது. தெம்பனிஸில் வீவக புளோக்குகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் சாயம் பூசிப் பார்த்திருக்கிறார்கள். எம்ஆர்டியிலிருந்து கூரை போட்ட நடைபாதையிலேயே பலர் வீடு போய்ச் சேரலாம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-க்குப் பிறகு அத்தனை சூடு இல்லை. நம்மில் பலருக்கு அது கைப்பேசியில் வந்த செய்தி. சைட்டில் கம்பி கட்டுகிறவருக்கு இப்படிப்பட்ட நாளைச் செய்தி வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் சண்டை இங்கேதான். ‘குடியிருப்பாளர் சௌகரியம்’ என்கிறோமே, அந்தக் குடியிருப்பாளர் யார்? குழாய் பதித்தவரும் நடைபாதைக்குக் கூரை போட்டவரும் அதில் இல்லை. அவர்களில் பலர் நம் மொழி பேசுகிறவர்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்து பத்து வருஷம் இங்கேயே உழைத்தாலும், ஒர்க் பர்மிட்காரர் குடியிருப்பாளர் கணக்கில் சேரமாட்டார்.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு ஒரு விதி கொண்டுவந்தது. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்துச் சொல்லும் அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்புக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15. நல்ல விதிதான். ஆனால் கத்தாரைப் பாருங்கள். உலகக் கிண்ணத்துக்காக ஊழியர்களை வதைத்ததாக உலகமே திட்டிய அதே கத்தார், 2021-இல் இதே அளவு 32.1-ஐத் தாண்டினால் வெட்டவெளி வேலையையே நிறுத்த வேண்டும் என்று விதித்தது. அமலாக்கம் வேறு விவாதம். ‘நிறுத்து’ என்று சொல்ல அங்கே ஓர் எண் இருக்கிறது. இங்கே ‘கொஞ்சம் உட்கார்’ என்று சொல்லும் எண்கள்தான் உண்டு.

“அப்படி நிறுத்தினா இந்த ஊர்ல ஒரு புளோக்கும் எழும்பாது தம்பி” என்பார்கள். சரி, கடுமையான வேலைகளை இரவுக்கு மாற்றலாமே? “சத்தம் வரும், ஆளுங்க தூங்க வேணாமா?” என்பார்கள். கட்டுமானச் சத்தம் இரவில் எத்தனை டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது, நம் தூக்கத்தைக் காக்க ஒரு கறாரான எண்ணை எழுத நமக்குத் தெரியும். அவர் உடம்பு என்று வந்தால்தான் ‘நடைமுறைச் சிக்கல்’ வந்துவிடுகிறது.

1822-இல் ராஃபிள்ஸின் நகரத் திட்டம், கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான மூடுநடை விட வேண்டும் என்றது. நாம் அதை அஞ்சடி என்கிறோம். காலனித்துவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அஞ்சடியின் நிழலில் ஒதுங்க முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. மூட்டை தூக்குபவரும் நிற்கலாம். ஏர்கான் குளிரோ கதவைச் சாத்தினால்தான் நிற்கும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளிமையானவை. தளத்தில் முதல் தூண் எழும்புவதற்கு முன் நிழலும் காற்றும் உள்ள ஓய்விடம் எழும்பட்டும். வேலையை நிறுத்தும் எண் ஒன்று சட்டத்தில் வரட்டும். அதனால் கூடும் நாட்களும் செலவும் டெண்டரிலேயே சேரட்டும். வீட்டுச் சாவி கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தால், குடியிருக்கப்போகும் நாம் காத்திருப்போம்.

இலக்கிய வாசகர்களுக்கும் ஒன்று. உழைப்பாளியின் வியர்வையை முத்து என்று எழுதியது போதும். ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் வியர்வை எளிதில் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதைப் போய் அழகு என்கிறோம்.