பேத்தியின் சான்றிதழும் பாட்டியின் வரலாறும்

குடும்ப வரலாறு தேடுவது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று கருதும் குடும்பங்கள் பல உண்டு. இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், ஏலப்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்த் தலித் குடும்பங்களுக்கு அது அன்றாடத் தேவை. கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் மாணவி, தன் முன்னோர் 1950-க்கு முன்பே இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருக்கிறது.

இதன் வேர் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணையில் உள்ளது. அவ்வாணை சாதிகளை மாநில வாரியாகப் பட்டியலிட்டது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பின்னாளில் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தில் அத்தகுதியைக் கோர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் உறுதிப்படுத்தியது. சட்டத்தின் தருக்கம் தெளிவானது. அது தோட்டத்து வாழ்க்கையுடன் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

1950-இல் கேரளம் என்ற மாநிலமே இல்லை. பீர்மேடு அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கேரளம் 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதற்கு அடிப்படையே, அங்குத் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தமைதான். அவர்கள் வந்துபோகும் கூலிகள் என்ற வாதம் அக்கோரிக்கைக்கு எதிராக அன்று வைக்கப்பட்டது. ஒரு சமூகமாக அவர்கள் அங்கிருந்ததை அரசியல் வரலாறு ஏற்றுக்கொள்கிறது. அதே சமூகத்தின் ஒருத்தி தனியாக வந்து நிற்கும்போது மட்டும் தாள் கேட்கப்படுகிறது.

அந்தத் தாள் எங்கிருக்கும்? நிலமும் வீடும் தோட்டத்துக்கு உரியவை என்பதால் தொழிலாளியின் பெயரில் பட்டாவோ வரிச்சீட்டோ இல்லை. கங்காணி அழைத்துவந்த ஆளின் பெயர், தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் பதிவேட்டில்தான் ஏறியது. 2000-களின் தொடக்கத்தில் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, அப்பதிவேடுகளைக் காப்பது எவர் பொறுப்பு என்ற கேள்வி எழவேயில்லை. இந்நெருக்கடிக் காலத்துத் தலித் வாழ்வை ஜெயசீலன் ராஜ் 2022-இல் வெளியான தம் இனவரைவியல் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதைப் படிப்போர், தோட்டத்தின் வீழ்ச்சி கூலியிழப்போடு முடிவதில்லை என்பதை உணர்வர்.

பெண்வழியில் சென்றால் தடம் இன்னும் மெலிகிறது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்றெடுப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். கம்பத்திலோ திருநெல்வேலியிலோ தாய்வீடு உள்ளவளின் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு அங்கேதான் இருக்கும். மூன்று தலைமுறையாக ஏலப்பாறையில் கொழுந்து கிள்ளிய குடும்பம், அந்த ஒரு பதிவினால் வெளியூர்க் குடும்பமாகத் தோன்றுகிறது. திருமணத்துக்குப் பின் அவள் தோட்டம் மாறுகிறாள். தந்தை பெயரின் முதலெழுத்து போய்க் கணவன் பெயரின் முதலெழுத்து வருகிறது. பதிவேட்டில் இருவேறு பெண்களாகத் தெரிபவர் ஒருவரே என்பதை நிறுவும் சுமையும் அவள் பேத்தியின் மேல் விழுகிறது.

போலிச் சான்றிதழ்கள் உண்மையான உரிமையாளரின் இடத்தைப் பறிப்பவை. எனவே அதிகாரிகளின் எச்சரிக்கை நியாயமானது என்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் ஆவணமின்மையை ஆராயும் முறை கேரளத்துக்குப் புதிதன்று. ஐயத்துக்குரிய சாதிக் கோரிக்கைகளை, கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸ் நிறுவனத்தின் மானிடவியல் விசாரணைக்கு அனுப்பும் வழி 1996-ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தில் உண்டு. கொடிவழியையும் வழக்காறுகளையும் விசாரித்துச் சாதியை முடிவு செய்ய முடியுமென்றால், குடியிருப்பையும் அவ்வாறே விசாரித்து முடிவு செய்யலாம்.

இங்கு முறையியலில் கவனம் வேண்டும். குலதெய்வம் ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். எப்போது வந்தது என்பதைச் சொல்லாது. அதை மட்டும் பதிவு செய்தால் அவள் வெளியூர்க்காரி என்பதற்கே சான்றாகிவிடும். காலத்தைக் கணிக்க வேறு வழிகள் உள்ளன. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல், வந்த 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' கேரள நினைவில் நிலைத்த ஒரு கால அடையாளம். தன் தாய் மலையேறியது அதற்கு முன்னா பின்னா என்று ஒரு மூதாட்டி சொன்னால், அது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல், தொழிற்சங்கச் சந்தா ஏடு ஆகியவற்றோடு அதை ஒப்பிடலாம். பெயரிடும் மரபும் துணை நிற்கும். 'பேத்தி' என்பது 'பெயர்த்தி'யின் மரூஉ. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்பது அதன் பொருள். பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும் குடும்பங்களில், பதிவேட்டுப் பெயர்களை அடுக்கிப் பார்க்க அவ்வழக்கம் உதவும்.

ஆவணம் காட்டும் சுமையை ஏழைத் தொழிலாளியின் தலையில் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கு 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவக் கோரியது. பிறப்புப் பதிவுகள் இல்லாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றோராயினர். அச்சட்டத்தின் வம்சாவளிக் குடியுரிமை பொதுவாகத் தந்தைவழியையே அடிப்படையாகக் கொண்டது.

ஏலப்பாறையில் பறிபோவது குடியுரிமை இல்லை. ஒரு கல்லூரி இடமும் உதவித்தொகையும் அரசுப் பணியும்தான். தோட்டத்தை விட்டு வெளியேற அப்பெண்ணுக்கு உள்ள வாயில்கள் பெரும்பாலும் அவையே. எனவே எஞ்சியுள்ள தோட்டப் பதிவேடுகளை அரசு ஆவணக் காப்பகம் பொறுப்பேற்க வேண்டும். அதுவரை, ஆவணமின்மையை மட்டுமே காரணமாக்கி விண்ணப்பத்தைத் தள்ளாமல் கள விசாரணைக்கு அனுப்ப வேண்டும். 1950-ஐ நினைவில் வைத்திருக்கக்கூடியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். மொழியியல், மானிடவியல், வரலாற்றுத் துறை மாணவர்கள் கள ஆய்வுக்கு ஊர் தேடும்போது பீர்மேட்டு லயங்களையும் எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள மூதாட்டியரிடம் பதிவு செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு பேத்தியின் விண்ணப்பத்துக்குத் துணைச் சான்றாகக்கூடும்.