செஞ்சிக்கோட்டையும் செடியும்

தென்பெண்ணையாற்றங்கரை ஊராகிய மணலூர்பேட்டையிலிருந்து வடக்கே திருவண்ணாமலையை அடைந்து, அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் செஞ்சிக்கோட்டை கண்ணுக்குப் புலப்படும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைத்து நிற்கின்றன. 1677-ஆம் ஆண்டில் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 2025-ஆம் ஆண்டில் இஃது உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது.

இத்தகைய மதிலையும் ஒரு சிறு செடி அசைத்துவிடும். பறவைகளின் எச்சத்தோடு விழும் ஆல், அரசு வித்துகள் கல்லிடுக்கில் முளைக்கின்றன. வேர் பருக்குந்தோறும் கற்கள் விலகுகின்றன, மழைநீர் உட்புகுகிறது. தொல்லியல் துறையினர் கோட்டையைக் காத்து வருகின்றனர் எனினும், இத்துணைப் பரப்பையும் இடையறாது பேணுதல் எளிதன்று. ஊரார் கைகொடுத்தல் ஆகாதோ?

ஆகும், நமக்கு இது புதிதுமன்று. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல்லைச் செதுக்கினார். இன்றும் உழவாரப்பணிக்கெனக் கூடுவோர் பலர். பிரான்சு நாட்டில் 1966-இல் தோன்றிய ‘ரெம்பார்’ என்னும் கூட்டமைப்பு, சிதைந்த கோட்டைகளில் இளைஞர்க்கு முகாம்கள் நடத்துகிறது. கோட்டைமதில் என்பதே அப்பெயரின் பொருள். அங்கு வருவோர் தேர்ந்தவர்பால் சாந்து குழைக்கவும் கல் அடுக்கவும் பயில்கின்றனர்.

அப்பயிற்சியே ஈண்டு வேண்டற்பாலது. ஆர்வம் மட்டும் உடையவன் அரசங்கன்றைப் பற்றி இழுப்பான். வேரோடு கல்லும் பெயரும். வெடிப்பைக் கண்டால் சிமெண்டு பூசுவான். ஈரத்தை வெளிவிடாத அப்பூச்சு, பழைய சுண்ணக் கட்டடத்தை உள்ளிருந்தே கெடுக்கும். நல்லெண்ணத்தால் விளையும் இக்கேடு, சுவரில் தன் பெயரைக் கிறுக்குவோன் செய்யும் கேட்டினும் சிறிதன்று. காக்கப்பட்ட சின்னத்தில் இசைவின்றி ஒரு கல்லை அகற்றுதலும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

ஆதலின் துறையினரே விடுமுறைதோறும் மாணாக்கர்க்கு முகாம் அமைத்தல் வேண்டும். கன்றை இழுக்காமல் வெட்டி, வேரை மடியச் செய்யும் முறையை அவர்கள் முதலிற் கற்கட்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரிற் சுண்ணம் குழைக்கும் பக்குவம் அறிந்த கொத்தர் இன்னும் சிலர் உளர். அவர்கள் கை தளருமுன் அம்முகாம் தொடங்குதல் நலம்.