பக்கத்து ஊரின் சாவை எழுதுதல்

2009க்குப் பிறகு ஈழத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வந்த நாவல்களையும் தன்வரலாறுகளையும் அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, சயந்தனின் ‘ஆதிரை’, குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’, ஷோபாசக்தியின் ‘இச்சா’ எல்லாம் நமது ஊரான குருக்கள்மடத்திலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிரதி இங்கே நாலைந்து வீடு சுற்றும். பிறகு படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும். திரும்பி வரும்போது அட்டைக்குக் கலண்டர் தாள் போட்டிருக்கும். சில பக்கங்களின் ஓரத்தில் பென்சில் கோடு இருக்கும். அந்தக் கோடுகளைப் பார்ப்பதில் நமக்குத் தனி ஆர்வம். எந்த இடத்தில் ஒரு வாசகர் நின்றார் என்பதை அவை சொல்லிவிடும்.

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில்தான் கோடுகள் அதிகம். 1991இல் மாணவியாக விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனவர். மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். சிறையையும் புனர்வாழ்வையும் கடந்து 2013இல் வெளியே வந்தவர். 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். நூல் அடுத்த ஆண்டில் வந்தது. அதில் வேறு கை கலந்திருக்கிறது என்று ஒரு பெரிய சர்ச்சை நடந்தது. அதற்குப் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அந்த விவாதத்துக்குச் செலவான மூச்சில் பாதியையாவது நூல் கேட்கிற கேள்விகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது நமது எண்ணம். தான் நம்பியதையும் செய்ததையும் ஒரு பெண் திருப்பிப் பார்க்கிறார். அப்படிப் பார்ப்பதற்கு நம்மிடையே இருக்கிற துணிவு மிகக் குறைவு.

ஆனால் நம்மை உலுப்பியது அதற்கும் முந்திய ஒரு நாவல், 2011இல் வந்த விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’. கோளாவில்காரர் எழுதியது, அக்கரைப்பற்றின் கதை. ஒரே சந்தையில் தமிழரும் முஸ்லிம்களும் ஏசிக்கொள்கிறார்கள், பகடி பண்ணுகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வருகிறார்கள். பிறகு அந்தச் சந்தை எப்படி உடைந்தது என்பதை நாவல் சொல்கிறது. பேச்சு முழுவதும் தென்கிழக்குக் கரையின் பேச்சு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது கடினமாக இருந்திருக்கும். இங்கே எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியம்மா பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இது நம்மட ஆக்கள்ற கதையெல்லுவா மனே” என்றார். அவர் நம்மட ஆக்கள் என்றது இரண்டு பகுதியாரையும் சேர்த்துத்தான். ஒரு நாவல் இதைவிட வேறென்ன செய்யவேண்டும்?

ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ மறுபக்கத்திலிருந்து வருகிறது. முன்னாள் பெண் போராளிகளின் வாழ்வுக்குள் ஒரு முஸ்லிம் பெண் போகிறார். நாவலாக அங்கங்கே தொய்கிறது. சில இடங்களில் பாத்திரங்களுக்குப் பதிலாக ஆசிரியரே பேசுகிறார். ஆனாலும் எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் ஊனத்தையும் பசியையும் இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்த இன்னொரு நாவலை நாம் வாசித்ததில்லை. வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதி 2024இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைவுப் பரிசைப் பெற்ற ‘பிரதர்லெஸ் நைட்’ யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவி ஒருத்தியின் கதை. மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகமவை நினைவூட்டும் ஒரு பேராசிரியை அதில் வருகிறார். சொந்த மக்களின் பெயரால் நடந்த கொலைகளையும் எழுதிவைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்த நாவலின் முதுகெலும்பு.

இதையெல்லாம் குருக்கள்மடத்திலிருந்து வாசிக்கிறோம் என்பதை மறைத்துக்கொண்டு எழுத நம்மால் முடியாது. 1990 யூலை 12ஆந் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் இந்த ஊர்த் தெருவில் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டு, கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். மக்கா போய்த் திரும்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள்; பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். உடல்கள் உறவினர் கைக்குக் கிடைக்கவில்லை. புதைகுழியைத் தோண்டவேண்டும் என்ற கோரிக்கை 2014இலும் 2025இலும் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த யூலைக்குப் பின் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் இருந்த தமிழரை இராணுவம் பிடித்துப்போனது, 9இல் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் இந்தக் கரையின் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சாவு விழுந்தது.

நமது சாவுகளை நாம் எழுதியிருக்கிறோம். ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். நமது தெருவில் நடந்த மற்றவரின் சாவைப் பற்றி அதை அருகில் இருந்து கண்டவர் எவரும் எழுதி நாம் வாசித்ததில்லை. போராளி நினைவுக்குறிப்புகளில் 1990 வரும்போது நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். சில தவறுகள் நடந்தன என்ற அளவில் பக்கம் புரண்டுவிடும்போது புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றுகிறது. முள்ளிவாய்க்காலை நெஞ்சு பதற எழுதுகிறவரின் பேனா இங்கே ஏன் நிற்கிறது? பயம் ஒரு காரணம். அதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். அந்த நாட்களில் இந்த ஊராரும் துவக்கின் கீழேதான் இருந்தார்கள். ஆனால் முப்பத்தைந்து ஆண்டு கடந்துவிட்டது. கண்டவர்களும் கேட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாவலாசிரியர் கற்பனையால் இந்த இடைவெளியில் கொஞ்சத்தை நிரப்பலாம். எந்த வளவில் வாகனம் நின்றது, யார் தண்ணீர் கொடுத்தார், யார் கதவைச் சாத்தினார் என்பதைக் கண்டவர்தான் சொல்லவேண்டும்.

அடுத்த இதழை இதற்காகவே ஒதுக்குகிறோம். குருக்கள்மடம், செட்டிபாளையம், கிரான்குளம், ஆரையம்பதி, காத்தான்குடி ஆகிய ஊர்களில் அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்கள் எழுதலாம். எழுத முடியாதவர்கள் சொன்னால் போதும், வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்வோம். கொப்பித் தாளில் பென்சிலால் எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம். இரண்டு பகுதியாரின் பக்கங்களும் ஒரே இதழில், வந்த ஒழுங்கில் அச்சாகும்.